அழைப்புக் கடிதத்துக்கு 1,800 வெள்ளியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகள் கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) எடுத்திருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு நான் கூட இருக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் கனடா லோயர் சீல் இல்லாவிட்டால் விசா கிடைக்காது என்று ஏஜெண்டு சொல்கிறார். கடிதத்துக்கு மட்டும் 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். பணத்தைக் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், அம்மா. அந்தக் கடிதத்தை உங்கள் மகள்தான் எழுத வேண்டும், சாதாரணத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எல்லாருக்கும் சீல் கட்டாயம் என்று விதி கிடையாது. விசா அதிகாரி கேட்டால் மகள் அங்கேயே ஒரு லோயரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

கடிதத்தில் உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, உறவு, எதற்காக வருகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், செலவு யாருடையது, எப்போது திரும்புவீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். மகள் தன் விவரம், வேலை, வீட்டில் இருப்பவர்கள் பற்றியும் எழுதி, பி.ஆர். அட்டை நகலை இணைக்கட்டும். "பிரசவத்துக்கு உதவ அம்மா வருகிறார்" என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் ஊர் சுற்றிப் பார்க்க வருவதாக ஏஜெண்டு ஜோடித்து எழுதி அது பொய் என்று தெரிந்தால், ஐந்து வருடத்துக்குத் தடை வரும். தடை உங்கள் பெயரில்தான் விழும், அவர் பெயரில் அல்ல. காசு வாங்கி கனடா விசா வேலை பார்க்க கனடா லோயராகவோ அங்கே லைசென்ஸ் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். இவர் லைசென்ஸ் நம்பரைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சாதாரண வருகை விசாவில் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். பேரப்பிள்ளையோடு அதற்கும் மேல் இருக்க ஆசை என்றால் பெற்றோருக்கான சூப்பர் விசா இருக்கிறது, ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் அதற்குக் கடிதம் வேறு. நீங்கள் தங்கும் காலம் முழுக்கச் செலவைத் தாங்குவதாக மகள் வாக்குக் கொடுத்து எழுத வேண்டும். வருமானம் அந்த நாட்டுக் குறைந்தபட்ச அளவைத் தொட வேண்டும். உங்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, 1,00,000 கனடா டாலருக்குக் குறையாத ஒரு வருட மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். சாதாரண விசாவுக்கு எழுதிய கடிதத்தையே இதற்கும் வைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

எந்தக் கடிதமும் விசாவை வாங்கித் தராது. திரும்பி வருவீர்களா என்பதுதான் அதிகாரியின் கேள்வி. வீட்டுப் பத்திரம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பென்ஷன், வங்கிக் கணக்கு, இங்கே இருக்கும் மற்ற பிள்ளைகள் ஆகியவைதான் அதற்குப் பதில் சொல்லும். மலாய் மொழியில் இருக்கும் பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும், அதைச் சொந்தக்காரர் செய்யக் கூடாது. அப்புறம், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிக் கொடுத்த காலத்துப் பெயர் இருக்கிறதே! ஐசியில் (அடையாள அட்டையில்) ஓர் எழுத்து கூடுதல், மகளின் பிறப்புப் பத்திரத்தில் அதே எழுத்து இருக்காது. இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து இப்போதே தயாராக வையுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பால்மரம் வெட்டி ஓய்ந்த அம்மாவிடம் கூட அந்தப் பாரம் பத்து வருட வேலை விவரம் கேட்கும். ஓய்வு பெற்றவர் என்று போட்டு, முன்பு செய்த வேலையையும் எழுதுங்கள். கைரேகை வைக்க மட்டும் கோலாலம்பூர் போனால் போதும், ஒரு தடவை கொடுத்தால் பத்து வருடம் செல்லும். மகளே அங்கிருந்து பாரத்தை நிரப்பித் தரலாம்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். கைரேகை நேரத்தில் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். தர மறுத்தால் போலீஸில் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்லுங்கள், அப்போதும் தராவிட்டால் உண்மையிலேயே கொடுத்துவிடுங்கள்.