கோயில் கல்லில் முழித்துப் பார்க்கும் அந்த முகம் யாளியா?

சேலம் பக்கக் கோயில்களில் வளைவுகளின் உச்சியில் கண் பிதுங்கி, பல் தெரிய ஒரு முகம் மட்டும் இருக்கிறதே, அதுவும் யாளிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அது கீர்த்திமுகம், சிம்மமுகம் என்றும் சொல்வார்கள். யாளி என்ற சிங்கம் போன்ற கற்பனை விலங்குக்கு முழு உடம்பு உண்டு. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூணில் வாய்க்குள் கல் உருண்டையோடு பாய்ந்து நிற்கிறதே, அதுதான் யாளி. விரலை விட்டு உருட்டினால் உருண்டை சுழலும், ஆனால் வெளியே வராது. ஒரே கல்லில் குடைந்த வேலை, என்ன கைகள் அவை!

கீர்த்திமுகத்துக்கு உடம்பு இல்லாததற்குப் புராணம் காரணம் சொல்கிறது. ராகுவை விழுங்க சிவன் உண்டாக்கிய பூதம் அது. ராகு சரணடைந்துவிட, பசி தாங்காமல் சிவன் சொன்னபடி தன் உடம்பையே தின்று தீர்த்தது. மிஞ்சிய முகத்தை மெச்சி வாசலில் இருத்தினார்.

அப்புறம், கொடுங்கையில், அதாவது கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கல் பகுதியில், குதிரை லாட வடிவில் வரிசையாக இருக்கும் அலங்கார வளைவுகளுக்குக் கூடுகள் என்று பெயர். பல்லவர்கள் மாமல்லபுரத்தில் அவற்றுக்குள் மனித முகங்களைச் செதுக்கினார்கள். சோழர் காலத்தில் கூட்டின் தலையில் சிம்மமுகம் ஏறிக்கொண்டது. சாமிக்குப் பின்னால் வளைவாக உள்ள திருவாசியின் உச்சியையும் கவனியுங்கள், பெரும்பாலும் அங்கேயும் இதே முகம்தான்.