டெண்டர் முடிந்த பிறகு என்ன ரகசியம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்து மடையைத் திருப்பிக் கட்டும் வேலைக்கு டெண்டர் முடிந்து பணியும் நடக்கிறது. எஸ்டிமேட், ஒப்பந்தம், எம்-புக் (செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) ஆகியவற்றின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ‘வணிக ரகசியம், தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. இனி என்ன செய்வது?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: அந்த ஒரு வரி சட்டப்படி பதிலே ஆகாது. தகவலை மறுக்கிற அலுவலர் பிரிவு 7(8)-இன்படி மறுப்புக்கான காரணம், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள், அதை யாரிடம் செய்வது ஆகிய மூன்றையும் எழுதியாக வேண்டும். ‘வணிக ரகசியம்’ என்பது பிரிவு 8(1)(டி)-இன் தலைப்பு மாதிரிதான். எந்தப் பக்கத்தில் உள்ள எந்தத் தகவல் வெளியே போனால் ஒப்பந்ததாரருக்குப் போட்டியில் என்ன கேடு வரும் என்று சொன்னால்தான் அது காரணம். அப்படிக் கேடு இருந்தாலும், பொதுநலன் அதைவிடப் பெரிது என்றால் தகவலைக் கொடுக்கலாம்.

நீங்கள் கேட்டவற்றைப் பாருங்கள். எஸ்டிமேட் துறைப் பொறியாளர் போட்டது. ஒப்பந்ததாரரின் சரக்கே அல்ல. எம்-புக்கில் இருப்பது எத்தனை கன மீட்டர் மண் தோண்டினார்கள், எத்தனை கன மீட்டர் கான்கிரீட் போட்டார்கள் என்கிற அளவு. அதை வைத்துத்தான் பில் பாஸாகிறது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒப்பந்தத்தில் வேண்டுமானால் வங்கிக் கணக்கு எண் போல ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டு மீதியைக் கொடுக்கத்தான் பிரிவு 10 இருக்கிறது.

பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பலர் இந்த இடத்தில் மேல்முறையீட்டுக்குப் பதில் புதிதாக இன்னொரு மனுப் போட்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மேல்முறையீட்டு மனுவில் இப்படி எழுதினால் போதும்: ‘8(1)(டி) எந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிறது, என்ன பாதிப்பு என்று கூறப்படவில்லை. பிரிவு 19(5)-இன்படி மறுப்பு சரியென்று நிரூபிக்கும் பொறுப்பு தகவல் அலுவலருடையது. விலக்குள்ள பகுதி ஏதேனும் இருந்தால் அதை நீக்கிவிட்டுப் பிரிவு 10-இன்படி மீதியைத் தரவும்.’ முடிவுக்கு 30 நாள், காரணம் எழுதி வைத்தால் அதிகபட்சம் 45 நாள். அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நியாயமான காரணமில்லாமல் உரிய காலத்தில் தகவல் தராமல் இருந்தாலோ, கெட்ட எண்ணத்தோடு மறுத்திருந்தாலோ நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அந்த அலுவலருக்கு ஆணையம் தண்டம் போடலாம்.

கேள்வி: நாங்கள் உள்ளாட்சிகளுக்கு மோட்டார் பம்பு சப்ளை செய்கிறோம். யாரோ எங்கள் ஒப்பந்த நகலைக் கேட்டிருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் சொல்லும்படியும் கடிதம் வந்திருக்கிறது. எப்படிப் பதில் எழுதுவது?
– வாசகர், பேட்டை

பதில்: அது தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 11 நோட்டீஸ். கைக்குக் கிடைத்ததிலிருந்து 10 நாள்தான் உங்களுக்கு. ‘எல்லாமே ரகசியம்’ என்று எழுதினால் உங்கள் ஆட்சேபணைக்கு மதிப்பே இருக்காது. உண்மையில் காக்க வேண்டியதும் சேர்ந்து போய்விடும். பக்க எண், வரி, காரணம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். உதாரணமாக: ‘பக்கம் 14, இம்பெல்லர் (பம்பினுள் சுழலும் சக்கரம்) வரைபடம்: எங்கள் சொந்த வடிவமைப்பு, போட்டியாளர் அப்படியே வார்த்துவிட முடியும்.’ மூலப்பொருளை யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், லாபம் எத்தனை சதவீதம் என்ற உள்கணக்கையும் இப்படிக் காட்டலாம். மொத்த விலை, எண்ணிக்கை, டெலிவரி தேதி, வாரண்டி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அது மக்கள் பணம் போகிற கணக்கு. மறைக்க வேண்டியதை அடித்த நகல் ஒன்றையும் கூடவே இணையுங்கள், அலுவலருக்கு வேலை சுலபம். கொடுப்பது என்று அவர் முடிவெடுத்தால் 30 நாளுக்குள் நீங்களும் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: ரகசிய ஷரத்து உள்ள ஒப்பந்தங்களை, காரணத்தோடு அரசே பட்டியல் போட்டு வெளியிடும் நாடு உண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உண்டு, ஆஸ்திரேலியா. 2001-இல் அந்நாட்டு நாடாளுமன்ற மேலவையான செனட் போட்ட உத்தரவின்படி, 1 லட்சம் டாலரும் அதற்கு மேலும் உள்ள மத்திய அரசு ஒப்பந்தங்களில் ரகசிய ஷரத்து இருக்கிறதா, ஏன் என்பதை வெளியிட வேண்டும். ஒப்பந்ததாரர் கேட்டார் என்பதற்காக மட்டும் ரகசியம் கொடுக்க முடியாது. இன்ன தகவல் என்று குறிப்பாகச் சுட்ட வேண்டும். அது வணிக ரீதியில் முக்கியமானதாக இருக்க வேண்டும். வெளியானால் நியாயமற்ற பாதிப்பு வர வேண்டும். ரகசியமாக இருக்கும் என்ற புரிதலோடு தரப்பட்டிருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ரகசியம். பேட்டை வாசகர் தம் கடிதத்தையும் இந்த நான்கில் உரசிப் பார்க்கலாம்.

கேள்வி: டெண்டர் பரிசீலனையில் இருக்கும்போதே, யார் என்ன விலை கேட்டார்கள் என்ற ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்கலாமா?
– வாசகர், களக்காடு

பதில்: வேண்டாம். யாருக்கு வேலை என்று முடிவாகி அறிவிக்கும் வரை மதிப்பீடு ரகசியமாகவே இருக்க வேண்டும். இடையில் கசிந்தால் பேரம்தான் நடக்கும். அறிவித்த மறுநாளே மனுப் போடுங்கள். வேலை தொடங்கிய பிறகு பிரிவு 2(ஜே)-இன்படி பணியிடத்தைப் பார்வையிடவும், போடுகிற பொருளில் சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்பவர்கள்தான் குறைவு.