டொக்டர்மார் சங்கத்தால நமக்கு என்ன வருது?

கேள்வி: எங்க அக்காவுக்கு எச்.ஐ.வி, மூணு வருஷமா மருந்து எடுக்கிறாங்க. போன மாசம் விடியக்காலம் பஸ் புடிச்சு கிளினிக் போனா, வழக்கமா பாக்கிற டொக்டர் வெளிநாட்டு மாநாட்டுக்கு போயிட்டாங்களாம், வேற ஆள் மருந்த மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க. அன்னைக்கு அக்காவுக்கு பேரும் (தோட்டத்து நாள் சம்பளம்) போச்சு. இந்த சங்கம், மாநாடு எல்லாம் அவங்க ஊர் சுத்துறதுக்கா, இல்ல நம்மள மாதிரி ஆளுக்கும் ஏதாவது வருமா?
– பெயர் வேண்டாம், ஹட்டன் பக்கம்

பதில்: பேர் போனா கோவம் வரத்தான் செய்யும் தங்கச்சி, மழையில லயத்துல இருந்து இறங்கி ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்குத்தான் அந்த கஷ்டம் தெரியும். ஊர் சுத்துற டொக்டர்மாரும் இருக்காங்க, இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அக்காவோட மருந்து போத்தல எடுத்து பாருங்க. இப்ப பெரும்பாலான ஆளுக்கு நாளைக்கு ஒரே ஒரு குளுசைதான், அதுக்குள்ள டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர்னு மூணு மருந்து இருக்கும். மூணு மருந்த சேத்து குடுத்தா வைரஸ் அடங்குதுங்கிற சேதி உலகத்துக்கே பரவினது 1996ல கனடாவுல வன்கூவர்ல நடந்த மாநாட்டுலதான். அந்த மாநாட்டுக்கு பின்னால நிக்கிறது 1988ல தொடங்கின சர்வதேச எய்ட்ஸ் சங்கம். அப்ப ஒரு நாளைக்கு கைநிறைய குளுசை, இது சாப்பாட்டோட, அது வெறும் வயித்துலன்னு ஆயிரம் சட்டம்.

சங்கம் மருந்து வாங்கி குடுக்காது, அத தெளிவா வச்சுக்கங்க. நம்ம நாட்டுல அரசாங்க கிளினிக்ல இலவசமா குடுக்கிறாங்க. இந்த மாதிரி டொக்டர்மார் சங்கங்கள் செய்றது வேற வேல, எந்த மருந்த எப்ப, யாருக்கு, எதோட சேத்து குடுக்கக்கூடாதுன்னு எழுதி வைக்கிறது.

ஒரு சின்ன விஷயம் சொல்றேன். நம்ம தோட்டத்து பொம்பளைங்களுக்கு இரத்தம் கொறவுன்னு இரும்புக் குளுசை குடுக்கிறது சாதாரணம்தானே. அந்த இரும்பையும் டொலுடெக்ராவிரையும் வெறும் வயித்துல ஒண்ணா போட்டா, இரும்பு மருந்த புடிச்சுக்கும், உடம்புல சரியா சேர விடாது. சாப்பாட்டோட எடுத்தா ரெண்டையும் ஒண்ணா எடுக்கலாம், இல்லன்னா எச்.ஐ.வி குளுசைய இரும்புக்கு 2 மணித்தியாலம் முந்தி, அல்லது இரும்பு போட்டு 6 மணித்தியாலம் கழிச்சு எடுக்கணும். கல்சியத்துக்கும் இதேதான். இந்த மாதிரி விஷயத்த பிரித்தானிய எச்.ஐ.வி சங்கம், ஐரோப்பிய எய்ட்ஸ் மருத்துவ சங்கம் எல்லாம் வழிகாட்டியா எழுதி இன்டர்நெட்ல சும்மாவே போட்டிருக்காங்க, காசு கட்டத் தேவையில்ல, மலையில இருக்கிற டொக்டரும் போன்லயே பாக்கலாம். எனக்கு இருக்கிற ஒரே குறை என்னன்னா, இதெல்லாம் இங்கிலீஷ்ல வந்து, கிளினிக்ல சிங்களத்துல சொல்லி, அக்கா காதுக்கு வரும்போது "சாப்பிட்டு போடுங்க"ன்னு மட்டும்தான் மிஞ்சுது. நம்ம டொக்டர்மார் சங்கங்கள் தமிழ்ல ஒரு பக்கம் அடிச்சு ஒவ்வொரு தோட்டத்து டிஸ்பென்சரியிலயும் ஒட்டினா என்ன கொறஞ்சா போகும்?

இன்னொன்னு, மத்திய கிழக்குக்கு போறவங்களுக்கு மெடிக்கல்ல எச்.ஐ.வி பாத்து திருப்பி அனுப்புறது உங்களுக்கு தெரியும். அமெரிக்காவும் ஒரு காலத்துல எச்.ஐ.வி உள்ளவங்கள உள்ளுக்கே விடல, அதனால 1992ல பொஸ்டன்ல நடக்க இருந்த அதே சர்வதேச எய்ட்ஸ் மாநாட்ட ஆம்ஸ்டர்டாமுக்கு மாத்திட்டாங்க. தடை 2010ல போச்சு, 2012லதான் மாநாடு திரும்பி வாஷிங்டன் போச்சு. இருபது வருஷம் அந்த நாட்டுப் பக்கமே போகல! மத்திய கிழக்க இந்த சர்வதேச சங்கத்தால இன்னும் அசைக்க முடியல, அது வேற கதை. 2022ல மொன்ட்ரியல்ல மாநாடு வச்சு, ஆபிரிக்கா ஆளுங்க நெறைய பேருக்கு விசா கிடைக்காம போனதுக்கு சங்கமும் நல்லா ஏச்சு வாங்கிச்சு.

கேள்வி: அமெரிக்கா எய்ட்ஸுக்கு குடுக்கிற காச நிப்பாட்டினா டொக்டர்மார் அறிக்கை விடுறாங்க, அறிக்கையால குளுசை வருமா?
– வாசகர், பதுளை

பதில்: வராது. 2003ல இருந்து ஓடின அமெரிக்காவோட பெரிய எய்ட்ஸ் உதவித் திட்டம் 2025 ஜனவரியில ஆட்டங்கண்டப்ப, அமெரிக்காவுல எச்.ஐ.வி பாக்கிற டொக்டர்மாரோட சங்கமே எதிர்த்து பேசிச்சு, ஆனா கிளினிக் மூடினது மூடினதுதான். எனக்கு அறிக்கைய விட தென்னாபிரிக்க எச்.ஐ.வி டொக்டர்மார் சங்கம் செய்ற வேலதான் புடிக்கும், டொக்டர் இல்லாத இடத்துல நர்ஸ்மாரே மருந்து தொடங்குறதுக்கு பயிற்சி குடுக்கிறாங்க. காசு நின்னாலும் படிச்சது நர்ஸ் தலைக்குள்ள இருக்கும்ல.

கேள்வி: என் மருமகள் முழுகாம இருக்கா. கர்ப்பிணி கிளினிக்ல கேக்காமலே எச்.ஐ.விக்கு இரத்தம் எடுத்தாங்க, சந்தேகப்பட்டா?
– ஒரு மாமியார், நுவரெலியா

பதில்: சந்தேகம் ஒண்ணுமில்லம்மா, எல்லா கர்ப்பிணிக்கும் பாக்கிறதுதான். ஆனா என்னத்துக்குன்னு சொல்லி, சரியான்னு கேட்டுட்டு எடுத்திருக்கணும், அது அவங்க தப்பு. தாய்ல இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி போறத ஒழிச்ச நாடுன்னு இலங்கைக்கு 2019ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்ததே இப்பிடி எல்லாரையும் பாத்ததாலதான். ரிப்போர்ட்ட மட்டும் மருமகள் கையிலயே குடுக்கச் சொல்லுங்க, நீங்க வாங்கி பாக்காதீங்க.