உதிரிப் பழம் பொறுக்கும் பையன்

அன்புள்ள ஐயா,

குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்கும் உலக முயற்சிகளைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நானும் ஒன்பது வயதில் அம்மாவோடு தீம்பாருக்கு, அதாவது ரப்பர் மரக்காட்டுக்குப் போய், பால் வடியும் மங்கு துடைத்தவன்தான். கெட்டா போய்விட்டேன்? இன்று தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். பெற்றவர்களுக்குப் பிள்ளை ஒத்தாசை செய்வதை ஜெனீவாவில் இருக்கும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தார் குற்றம் என்பதா?

– ஒரு வாசகர், கோல சிலாங்கூர்

அன்புள்ள நண்பருக்கு,

நானும் மங்கு துடைத்தவன். பள்ளி விடுமுறையில் போனதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பால் குறைந்த மாதங்களில் அம்மா பள்ளி நாளிலும் இருட்டோடு எழுப்பிவிடுவார். வெள்ளைச் சட்டையில் தெறித்த பால் கறுத்துப்போகும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. வகுப்பில் தூங்கி விழுவேன். நீங்களும் நானும் எப்படியோ தப்பினோம். நாங்கள் இருந்த லயத்தில், அந்தத் தோட்டக் குடியிருப்பில், ஆறாம் வகுப்போடு நின்று பால்கத்தி எடுத்தவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை, ஐயா.

ஜெனீவா ஒத்தாசையைத் தடுக்கவில்லை. அந்த நிறுவனத்தின் 138ஆவது உடன்படிக்கை (1973), படிப்பைக் கெடுக்காத இலகுவான வேலையை 13 வயதிலிருந்து அனுமதிக்க இடம் தருகிறது. 1999இல் வந்த 182ஆவது, ஆபத்தான வேலையில் 18 வயதுக்குட்பட்ட யாரும் கூடாது என்கிறது. மலேசியா இரண்டையும் ஏற்ற நாடு. 2020இல் தொங்காவும் ஏற்றதும், 182ஐ ஏற்காத உறுப்பு நாடே இல்லை என்றானது. குழந்தைத் தொழிலாளர் முறையை 2025க்குள் ஒழித்துவிடுவதாக உலக நாடுகள் வாக்கும் கொடுத்தன. ஆனால் 2024 கணக்குப்படி 138 மில்லியன் பிள்ளைகள் இன்னும் வேலையில். 61 விழுக்காட்டினர் விவசாயத்தில்.

ஏன் என்பதைப் போன மாதம் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பார்த்தேன். இந்தோனேசியப் பையன், எட்டு வயதிருக்கும். அப்பா குலை வெட்ட, குலையிலிருந்து சிதறும் உதிரிப் பழத்தை அவன் உரச்சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தான். நகக்கண் எல்லாம் ஆரஞ்சு நிற எண்ணெய். பள்ளிக்கூடம் போகவில்லையா என்றேன். "சூராட் தாக் அடா" என்றான். அடையாளப் பத்திரம் இல்லையாம். 2003 முதல் இங்கே ஆரம்பப்பள்ளி கட்டாயம். அந்தக் கட்டாயம் குடிமக்களுக்குத்தான். அதோடு, எடைக்குக் கூலி என்றால் வீட்டில் உள்ள எல்லாக் கைகளும் தோட்டத்துக்கு வந்துவிடும். அம்மா என்னை எழுப்பியதும் அதனால்தான்.

சங்கத்தில் இருக்கிறீர்கள். அடுத்த சம்பளப் பேச்சில் உதிரிப் பழத்துக்கு நாள் சம்பளத்தில் தனி ஆள் போடச் சொல்லிக் கேளுங்கள்.