லேடெக்ஸ் ஆவணத்தில் ஒரே சொற்றொடரைப் பல இடங்களில் மாறாமல் பயன்படுத்துவது எப்படி?

திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயரையோ சொற்றொடரையோ ஒரே இடத்தில் எழுதி வைத்து, தேவையான இடங்களிலெல்லாம் அதைக் குறுகிய கட்டளையால் வரவழைக்கும் வசதிக்கு மேக்ரோ என்று பெயர். கட்டளைகளைக் கொண்டு ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் மென்பொருளான லேடெக்ஸில் ‘நியூகமாண்ட்’ (\newcommand) என்னும் கட்டளை இதை வரையறுக்கிறது.

நீண்ட ஆய்வேட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்சு செய்தால், ஓரிடத்தில் ஒற்று விடுபடும், மற்றோரிடத்தில் சுருக்கப்பெயர் நுழையும். மேக்ரோவிலோ மூலம் ஒன்றே என்பதால், அங்கே செய்யும் ஒரு திருத்தம், கோப்பை மறுபடி இயக்கியதும் எல்லாப் பக்கங்களுக்கும் போய்ச் சேரும். மாடித் தொட்டியின் நீரே வீட்டின் எல்லாக் குழாய்களிலும் வருவதைப் போன்றது இது. ஏற்கெனவே உள்ள பெயரிலேயே மீண்டும் வரையறுக்க முயன்றால் லேடெக்ஸ் பிழை காட்டும். அடிப்படைக் கட்டளையொன்றை அறியாமல் அழித்துவிடாதபடி காக்கும் இந்தக் கண்டிப்பு மிகவும் மதிக்கத்தக்கது.

தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பல்கலைக்கழகம்’ என்பது ‘பல்கலைக்கழகத்தின்’ என்று திரிவதால், ‘பல்கலைக்கழக’ என்னும் மாறாத பகுதியை மட்டும் மேக்ரோவில் வைத்து, கட்டளையை அடுத்து வெற்று நெளிவு அடைப்புக்குறிகளை ({}) இட்டு, ஈற்றை அதன்பின் எழுதுவதே சரியான வழி.

‘தேடி மாற்று’ வசதியே இதற்குப் போதும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அது பிழையாகத் தட்டச்சான இடங்களைக் கண்டுகொள்ளாது, மேற்கோளுக்குள் மாறக்கூடாத சொல்லையும் மாற்றிவிடும்.