டிகிரியைக் கொடுப்பது பல்கலைக்கழகம்தான்

காசிமேட்டிலிருந்து மகளோடு வந்த அம்மா ஒருவர், மீன் விற்றுவிட்டு வந்த ஈரக் கையால் நோட்டீஸ் ஒன்றை மேசைமேல் நீவி வைத்தார். 'ஒரே வருஷத்தில் டிகிரிக்குச் சமமான சான்றிதழ்' என்று போட்டிருந்தது. "சேர்த்துடலாமா சார்?" என்றார்.

பணம் கட்டிவிடாதீர்கள் அம்மா என்றேன். இதே நோட்டீஸ் உங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளில் கிடக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பல்கலைக்கழகமும் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்த நிறுவனமும் தவிர வேறு யாரும் பட்டம் தர முடியாது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் படித்தாலும், பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் படித்தாலும், கடைசியில் கைக்கு வரும் பட்டத்தில் இருப்பது 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர். அதனால் எந்த இடத்தில் சேர்த்தாலும் முதலில் கேளுங்கள்: பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது?

பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். எல்லாம் மூன்று வருஷம், பி.இ. நான்கு. ஆனால் வருஷம் ஓடினால் மட்டும் பட்டம் வந்துவிடாது. தமிழ், ஆங்கிலம் உட்பட எல்லாப் பேப்பரும் தேற வேண்டும். மூன்று வருஷமும் ஒழுங்காகக் கல்லூரிக்குப் போய்விட்டு, இரண்டு அரியரை அப்படியே விட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவர்கள் பிளஸ் டூ கணக்கில்தான் வருகிறார்கள். எனக்கு அதுதான் ரொம்ப வலிக்கும்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த பெண்ணிடம் என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். "வரலாறு" என்றாள். "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று அம்மா பதறினார். நியாயமான பயம்தான். பட்டம் என்பது வேலை உத்தரவு இல்லை, அம்மா. பல வேலைகளுக்கும் மேல்படிப்புக்கும் வாசலில் கேட்கிற தகுதி அது. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது போதும். குரூப் 2 எழுதப் பட்டம் வேண்டும். அங்கே பெரும்பாலான பதவிகளுக்கு வரலாறா, வணிகவியலா என்று பார்ப்பதில்லை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். பிடித்த பாடம் என்றால் அரியர் விழாமல் படிப்பாள்.

அப்புறம், ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன்.