குறுஞ்செய்தியின் மறுமுனையில் யார்? கென்யாவை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

வளரும் நாடுகளில் அமைதியைக் காப்பதற்கும் பகைத் தரப்புகளைப் பேசவைப்பதற்கும் டிஜிட்டல் தொழில்நுட்பம் எந்த அளவுக்கு உதவுகிறது என்று உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல நாடுகளை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒரு நாட்டை ஊன்றிப் பார்ப்பது மேல் என்பதால், இயன்றவரை கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவையே எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர், மதுரை: 2007 தேர்தலுக்குப் பின் கென்யாவில் நடந்த கலவரத்தைக் கைப்பேசி வளர்த்ததா, தணித்ததா?

இரண்டையும் செய்தது. 2007 டிசம்பர் 27 அன்று நடந்த அதிபர் தேர்தலில் அப்போதைய அதிபர் ம்வாய் கிபாக்கி வென்றதாக அறிவிக்கப்பட்டதை எதிர்த்துப் போட்டியிட்ட ராய்லா ஒடிங்காவின் ஆதரவாளர்கள் ஏற்கவில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் 1,100க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். லட்சக்கணக்கானோர் வீடுவாசலை விட்டு ஓடினர். இன்ன இனத்தாரை விரட்டுங்கள் என்று தூண்டும் குறுஞ்செய்திகள் அப்போது வேகமாகப் பரவின. குறுஞ்செய்திச் சேவையையே நிறுத்திவிடலாமா என்று அரசு யோசித்தபோது, சஃபாரிகாம் என்ற கைப்பேசிச் சேவை நிறுவனம் அது வேண்டாம் என்று எடுத்துச்சொல்லி, அமைதி காக்கும்படி தன் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பியது.

நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை விதித்திருந்த அந்த நாட்களில்தான், 2008 ஜனவரியில், வழக்கறிஞர் ஓரி ஒகொல்லோவும் நண்பர்களும் உஷாஹிடி என்ற தளத்தைத் தொடங்கினர். எங்கே வீடு எரிகிறது, எங்கே சாலை மறிக்கப்பட்டிருக்கிறது என்று மக்கள் அனுப்பிய தகவல்கள் வரைபடத்தில் புள்ளிகளாக ஏறின. நடந்தவற்றில் பல மறைந்துபோகாமல் பதிவானது பெரிய காரியம். ஆனால் ஒரு புள்ளியைப் பார்த்தவுடன் அந்த இடத்துக்குப் புறப்பட்டுப் போக யாரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

ஆசிரியை, கோவை: அந்தக் குறையைப் பிறகு சரிசெய்தார்களா?

பெருமளவு செய்தார்கள், இந்த விஷயத்தில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். புதிய அரசியலமைப்பு குறித்து 2010 ஆகஸ்ட் 4 அன்று பொதுவாக்கெடுப்பு நடக்கவிருந்தது. அதற்கு முன்பே தேசிய ஒருமைப்பாட்டு ஆணையம், அரசின் அமைதி வழிகாட்டுக் குழு, பீஸ்நெட் என்ற தொண்டு நிறுவனக் கூட்டமைப்பு, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆகியவை சேர்ந்து உவியானோ என்ற ஏற்பாட்டை உருவாக்கின. 108 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிக் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது.

எடுத்துக்காட்டாக, ஒரு சந்தையில் ஒரு சமூகத்தாரை ஊரைவிட்டுப் போகச் சொல்லும் துண்டறிக்கை விடியற்காலையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்ட வியாபாரி 108க்கு எழுதுகிறார். செய்தி நைரோபியில் படிக்கப்பட்டு, அந்த மாவட்டத்தின் அமைதிக் குழுவுக்குத் தெரிவிக்கப்படுகிறது. குழுவினர் சந்தைக்குப் போய் அது உண்மையா வதந்தியா என்று விசாரித்து, இரு தரப்புப் பெரியவர்களையும் அழைத்துப் பேசுகிறார்கள். தேவைப்பட்டால் மட்டுமே காவல்துறை வருகிறது. 2008இல் அதிகம் இரத்தம் சிந்திய பிளவுப் பள்ளத்தாக்குப் (ரிஃப்ட் வேலி) பகுதி உட்பட, அந்த வாக்கெடுப்பு பெரும்பாலும் அமைதியாக முடிந்தது.

இந்த அமைதிக் குழுக்கள் கைப்பேசிக்கு முந்தியவை என்பதைக் கவனியுங்கள். 1990களின் தொடக்கத்தில், வடகிழக்கே சோமாலி குலங்கள் மோதிக்கொண்ட வஜீரில், வேற்றுக் குலத்தாரிடம் வாங்கவும் விற்கவும் மறுக்கும் அளவுக்குச் சந்தையே பிளந்துகிடந்தபோது, டெக்கா இப்ராஹிம் அப்டி உள்ளிட்ட பெண்கள் கூடி, சந்தை எல்லோருக்கும் பொது என்று முடிவெடுத்து, மீறல்களைத் தாங்களே கண்காணித்தனர். அந்த முயற்சி வளர்ந்து நாட்டுக்கே மாதிரியானது. 108 அந்த ஏற்பாட்டுக்கு வேகம் தந்தது. குழுக்கள் இல்லாத ஒரு நாட்டில் அதே எண்ணை அறிவித்திருந்தால், குவியும் செய்திகளைப் படித்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டியிருந்திருக்கும்.

வாசகர், யாழ்ப்பாணம்: 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கண்டி வன்முறையின்போது இலங்கையில் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். அது சரியான வழியா?

தாக்குதலுக்கு ஆள் திரட்டும் பதிவுகள் பரவும்போது அரசு அப்படி முடிவெடுத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் ஆபத்தில் இருந்த முஸ்லிம் குடும்பங்களும் உறவினரின் நிலையை விசாரிக்க அதே வாட்ஸ்அப்பைத்தான் நம்பியிருந்தன என்பதால் என்னால் அதை ஆதரிக்க இயலவில்லை. உண்மையான தவறு முன்பே நடந்துவிட்டது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றி உள்ளூர் அமைப்புகள் முறையிட்டும் அவை உரிய நேரத்தில் நீக்கப்படவில்லை. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. மியான்மரில் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை விஷயத்திலும் தான் போதிய அளவு செயல்படவில்லை என்று 2018இல் ஒப்புக்கொண்டது.

கென்யாவில் 2013 தேர்தலுக்கு முன் உமாட்டி என்ற திட்டம் வேறு வழியில் போனது. ஆங்கிலம், சுவாஹிலி தவிர கிக்குயு, லுவோ, காலெஞ்சின், சோமாலி போன்ற மொழிகளிலும் இணையப் பதிவுகளை நாள்தோறும் படிக்க அந்தந்த மொழி அறிந்தவர்களை அது அமர்த்தியது. வெறுப்பு பல நேரம் ஊர்ப் பேச்சின் மறைமொழியில் வருகிறது. அதை உள்ளூர்க் காது மட்டுமே உடனே பிடிக்கும்.

சட்ட மாணவி, சென்னை: சமாதானப் பேச்சுவார்த்தையையே இணையவழியில் நடத்த முடியுமா?

மக்களின் குரலைக் கேட்பதற்கு முடியும். பேரம் பேசுவதற்குக் கடினம். 2020 ஜூனில் ஏமனுக்கான ஐ.நா. தூதர் மார்ட்டின் கிரிஃபித்ஸின் அலுவலகம் 500க்கும் மேற்பட்ட ஏமனியருடன் இணையத்தில் இரண்டு நாள் கலந்தாய்வு நடத்தியது. போரும் பெருந்தொற்றும் பயணத்தை முடக்கியிருந்த நேரத்தில், பேச்சு மேசைக்கு ஒருபோதும் அழைக்கப்படாத பலருடைய கருத்து அதன்வழி தூதரை எட்டியது. அதே ஆண்டு லிபியாவிலும் ஐ.நா. அவ்வாறு செய்தது.

கென்யாவில் 2008 பிப்ரவரியில் என்ன நடந்தது என்று பாருங்கள். இரு தரப்புக் குழுக்களின் பேச்சு இழுபறியானதும், நடுவராக இருந்த ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் அதை நிறுத்திவைத்துவிட்டு, கிபாக்கியையும் ஒடிங்காவையும் நேரில் அமரவைத்தார். தான்சானிய அதிபர் கிக்வெட்டேயும் உடனிருந்தார். பிப்ரவரி 28 அன்று அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அத்தகைய அறையில் ஒரு தலைவர் விட்டுக்கொடுப்பதைத் திரையின் வழியே, யார் பதிவுசெய்கிறார்களோ என்ற அச்சத்துடன், செய்வார் என்று நான் நம்பவில்லை.

சமூகப் பணியாளர், சேலம்: தகவல் அனுப்புகிறவருக்கு ஆபத்து இல்லையா?

உண்டு. அவருடைய எண் செய்தியுடனேயே போய்ச் சேருகிறது. அதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற விதிகளை முதல் செய்தி வருவதற்கு முன்பே வகுத்துவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருநெல்வேலி: தேர்தல் தகராறுகளைத் தொழில்நுட்பம் குறைத்திருக்கிறதா?

மக்கள் சரிபார்க்கும்படி திறந்துவைத்தபோது குறைத்தது. கென்யாவில் 2017இல், கணினிப் பதிவுகளைப் பார்க்க அனுமதிக்கும்படி உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவைத் தேர்தல் ஆணையம் முழுமையாக நிறைவேற்றவில்லை. நீதிமன்றம் அந்த அதிபர் தேர்தலையே செல்லாததாக்கியது. 2022இல் 46,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்களை யாரும் பார்க்கும்படி ஆணையம் இணையத்தில் ஏற்றியது. ஆணையர் எழுவரில் நால்வர் இறுதி முடிவை ஏற்க மறுத்து வெளியேறிய நிலையிலும், ஊடகங்களும் கட்சிகளும் அந்தப் படிவங்களைத் தாங்களே கூட்டிப் பார்க்க முடிந்தது. செப்டம்பர் 5 அன்று நீதிமன்றம் வில்லியம் ரூட்டோவின் வெற்றியை உறுதிசெய்தபோது, தோற்ற ஒடிங்கா தீர்ப்புடன் கடுமையாக முரண்படுவதாகவும், ஆயினும் அதை மதிப்பதாகவும் அறிவித்தார்.